சூடானபின் பிடி விடும் கியர்பாக்ஸ்: காரணம் தேடிய எண்பது ஆண்டுகள்

குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஏன் நழுவத் தொடங்குகிறது? ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ராமேட்டிக்கைக் கொண்டுவந்தது. பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தலைமுறைப் பெட்டியோடும் இந்தக் கேள்வி பட்டறைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

பதில்களுக்குப் பஞ்சமில்லை. ஆயில் கெட்டுவிட்டது, சீல் போய்விட்டது, வால்வு பாடி தேய்ந்துவிட்டது, கிளட்ச் பிளேட் கருகிவிட்டது, சோலினாய்டு சரியில்லை. இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியில் உண்மையாக இருந்தவைதான். ஒரு வண்டியில் கண்டதை அடுத்த வண்டிக்கும் விதியாக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. அதன் பாரத்தைச் சுமப்பவர் வண்டிக்காரர். வால்வு பாடியோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு முழுப் பெட்டியையும் பிரித்துக் கட்டிய செலவு அவர் தலையில் விழுகிறது. இன்னொருவரோ, பிரித்தே ஆகவேண்டிய பெட்டிக்குத் திரும்பத் திரும்ப ஆயில் மாற்றிவிட்டுக் கடைசியில் நடுவழியில் நிற்கிறார்.

இங்கே எடுத்துக்கொள்வது டார்க் கன்வெர்ட்டர், பிளானட்டரி கியர்கள், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் தொகுதிகள் கொண்ட மரபான ஆட்டோமேட்டிக்கை மட்டும். இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி உள்ளுக்குள் மேனுவல் பெட்டிதான். அது நழுவினால் பார்க்க வேண்டியது உலர் கிளட்ச்சை. சிவிடியின் பெல்ட் நழுவலும் தனி விஷயம். இலங்கைச் சாலைகளில் ஓடும் ஜப்பானிய இறக்குமதிக் கார்களில் சிவிடியும் உண்டு, டார்க் கன்வெர்ட்டர் பெட்டியும் உண்டு. ஆகவே வண்டிக்குள் இருப்பது எந்தப் பெட்டி என்று உறுதி செய்துகொள்வதே எந்த ஆய்வுக்கும் முதல் படி.

நழுவல் எது, எது இல்லை

ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஆர்பிஎம் முள் எழுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் அது நழுவல். முள்ளும் எழவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். அடைபட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும், சூடானால் தளரும் பெட்ரோல் பம்பும் கியர்பாக்ஸ் மேல் பழி விழ வைத்திருக்கின்றன. பட்டறைக்கு இவையெல்லாம் "சூடானா வண்டி இழுக்கல" என்ற ஒரே புகாராகத்தான் வந்து சேர்கின்றன.

இன்னொரு குழப்பம் டார்க் கன்வெர்ட்டரில். ஆயில் வழியாக விசையைக் கடத்துவதால் அது இயல்பிலேயே கொஞ்சம் நழுவும். அந்த இழப்பைத் தவிர்க்கத்தான் லாக்-அப் கிளட்ச் வந்தது. பேக்கார்டு நிறுவனத்தின் அல்ட்ராமேட்டிக்கில் 1949லேயே அது இருந்தது. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது ஆர்பிஎம் 200, 300 அளவுக்கு ஏறி இறங்கினால் பெரும்பாலும் லாக்-அப் விட்டுச் சேர்கிறது என்று பொருள். கியர்களின் கிளட்ச் நன்றாகவே இருக்கலாம். வெறிச்சோடிய நேர்சாலையில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபடும். அப்போது முள் சற்று எழுந்தால் அதுவரை லாக்-அப் பிடித்திருந்தது. எழவே இல்லை என்றால் அது பிடிக்கவேயில்லை. கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனை, அடுத்து தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

ஆயிலைக் குறை சொல்பவர்கள்

மிகப் பழைய பதில் இதுதான். அதற்கு வலுவான வரலாறும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் டைப் ஏ என்ற ஆயில் தரத்தை வகுத்தது. கிளட்ச் பிளேட்கள் முரட்டுத்தனமாகக் கடிக்காமல் மெல்லப் பிடிப்பதற்காக அக்காலத்து ஆயில்களில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பெண்ணெய் சேர்க்கப்பட்டது. அமெரிக்கா 1970இல் அத்திமிங்கிலத்தை அழியும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தபின் வேறு வேதிப்பொருள்களைத் தேட வேண்டியதாயிற்று. ஃபோர்டு நிறுவனத்தின் டைப் எஃப் ஆயிலோ இந்த மென்மையூட்டி இல்லாமலே வடிவமைக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் பெட்டிக்கு மற்றதன் ஆயிலை ஊற்றினால் பிடிமானம் மாறிப்போகும் என்பது அந்தப் பத்தாண்டுகளில் வெறும் ஐதீகமாக இருக்கவில்லை. இன்றைக்கும் டொயோட்டா டபிள்யூஎஸ், டெக்ஸ்ரான் 6 என்று தரங்கள் பிரிந்தே கிடக்கின்றன.

சூட்டோடு ஆயிலுக்கு உள்ள தொடர்பு இரண்டு வகைப்பட்டது. ஒன்று நிரந்தரமானது: சூட்டில் ஆயில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுகிறது. ஏறக்குறைய 79 டிகிரி செல்சியஸில் ஓடினால் ஆயில் 1,60,000 கி.மீ. தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று ஓர் அட்டவணை பல பட்டறைச் சுவர்களில் தொங்குகிறது. வெப்பம் ஏற ஏற வேதிவினை விரைவுபடும் என்ற பொதுவிதியை நீட்டித்துப் போட்ட கணக்கு அது. போக்கைக் காட்டுவதில் சரி. இன்றைய செயற்கை ஆயில்களுக்கு அதன் எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. மற்றொன்று தற்காலிகமானது: சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது. டெக்ஸ்ரான் 3 வகை ஆயிலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் சுமார் 34 சென்டிஸ்டோக்; 100 டிகிரியில் ஏழு சொச்சம். இந்த நீர்ப்பைக் கட்டுப்படுத்தச் சேர்க்கப்படும் நீளமான பாலிமர் மூலக்கூறுகள் கியர்களுக்கு இடையே சிக்கி அறுபடுகின்றன. அதனால் பழைய ஆயில் சூட்டில் புதியதைவிட இன்னும் நீர்த்திருக்கும்.

அளவும் சந்தேகத்துக்குரியதே. 9 லிட்டர் ஆயில் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ அரை லிட்டர் பெருக்கும். குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை ஊற்றியவர், சூட்டில் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரைக்க வழிசெய்கிறார். நுரையில் உள்ள காற்று அமுங்கும். கிளட்ச்சுக்கு அழுத்தம் போய்ச் சேராது. ஆயில் குறைந்திருந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி அதே இடத்துக்குத்தான் கொண்டுவந்து விடும். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்தால் ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறும். தண்ணீர் கிளட்ச் பிளேட்டின் காகித உறையை ஒட்டியிருக்கும் பசையைத் தளர்த்திவிடுவதால், அந்த நிறத்தைக் கண்டபின் ஆயில் மாற்றுவது மட்டும் போதாது.

இந்தக் கட்சிக்குள்ளேயே ஓயாத ஒரு சண்டை உண்டு: நிறைய ஓடிய பெட்டிக்கு ஆயில் மாற்றலாமா? பழைய ஆயிலில் மிதக்கும் கிளட்ச் துகள்தான் கடைசிப் பிடிமானம், மாற்றினால் பெட்டி போய்விடும் என்பது ஒரு தரப்பு. இதற்குச் சான்றாகக் காட்டப்படும் பெட்டிகள் பெரும்பாலும் நழுவத் தொடங்கிய பின்னரே ஆயில் மாற்றப்பட்டவை. எனவே ஆயில் மாற்றியதால் கெட்டதா, கெட்டுக்கொண்டிருந்ததால் ஆயில் மாற்றப்பட்டதா என்பதைப் பிரிக்க முடிவதில்லை. மறுபுறம், கார் நிறுவனங்கள் பல "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொல்லும் ஆயிலைத் தன் பெட்டிகளில் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே. பெட்டி நலமாக இருக்கும்போது மாற்றுவது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. நழுவத் தொடங்கியபின் மாற்றுவதைச் சிகிச்சையாகக் கருத முடியாது. ஆயினும் கெட்டியான ஆயிலோ "ஸ்டாப் ஸ்லிப்" திரவமோ ஊற்றிச் சில நாள் குணம் தெரிந்தால், அந்தக் குணமே ஒரு தடயம்: உள்ளே எங்கோ கசிகிறது.

கசிவே மூலம் என்பவர்கள்

இந்தத் தரப்பின் வாதம் எளிது. கிளட்ச்சை அழுத்திப் பிடிப்பது ஆயில் அழுத்தம். பம்ப் தருவதைவிடக் கசிவு அதிகமானால் பிடி தளரும். பெட்டிகளைப் பிரித்துக் கட்டும் தொழிலாளர்கள் மேசைமேல் பார்த்துப் பார்த்து வளர்த்த அறிவு இது. அமெரிக்காவில் அவர்கள் 1954இல் தங்களுக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டு தொழில்நுட்பக் குறிப்புகளைப் பகிரத் தொடங்கினார்கள்.

சூட்டை நேரடியாக விளக்கும் திறன் இந்த வாதத்துக்குத்தான் அதிகம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வால்வு பாடி அலுமினியம். அதன் துளைக்குள் ஓடும் வால்வு எஃகு என்று கொள்வோம். துளையின் விட்டம் 20 மி.மீ., இடைவெளி 0.040 மி.மீ. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகும்போது இடைவெளி சுமார் 0.053 மி.மீ. ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு ஏன் பெரிதென்றால், வளைய வடிவ இடுக்கில் கசிவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். மூன்றில் ஒரு பங்கு கூடிய இடைவெளியே கசிவை இரண்டு மடங்குக்கு மேலாக்குகிறது. அதே நேரத்தில் ஆயில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்காக நீர்த்துவிடுவதால் கசிவு இன்னும் ஐந்து மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் பத்து மடங்குக்கு மேல். தேய்ந்த துளையில் வால்வு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தால் அதற்கும் மேலே இரண்டரை மடங்கு வரை கூடலாம்.

இந்தக் கணக்குக்கு வரம்பும் உண்டு. பல வால்வு பாடிகளில் வால்வும் அலுமினியம்தான். அங்கே இரண்டும் ஒன்றாக விரிவதால் இடைவெளி மாறாது, நீர்த்தலின் விளைவு மட்டும் நிற்கும். ஆனால் அங்கும் ஐந்து மடங்கு கசிவு மிச்சம்.

இவ்வளவு கூடினால் பெட்டி ஏன் சூடு ஏற ஏறப் படிப்படியாகக் கெடாமல் ஒரு கட்டத்தில் சட்டென்று கைவிடுகிறது? பம்ப் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே ஆயில் தள்ளும். உபரியை ரெகுலேட்டர் வால்வு திருப்பி அனுப்பும். கசிவு கூடினால் ரெகுலேட்டர் திருப்பி அனுப்புவதைக் குறைத்து அழுத்தத்தை நிலைநிறுத்தும். உபரி தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. தீர்ந்த கணத்திலிருந்து அழுத்தம் இறங்கும். என் மதிப்பீட்டில் சூட்டில் நழுவும் பெட்டியைப் புரிந்துகொள்ளத் திறவுகோல் இந்த உபரிதான். எத்தனை டிகிரியில் நழுவியது என்பதைவிட, எந்த நிலையில் உபரி தீர்ந்தது என்று கேட்பது பயனுள்ளது.

அந்தக் கேள்விக்கு வண்டியே ஓரளவு பதில் சொல்லும். பம்ப் எஞ்சினோடு சுழல்கிறது. ஐடிலில் குறைவாகத்தான் தள்ளும். சூடான வண்டி சிக்னலில் நின்று கிளம்பும்போது இழுக்காமல் தயங்கி, ஆர்பிஎம் கூடியதும் பிடித்துக்கொண்டால் மொத்தக் கசிவு, அல்லது தேய்ந்த பம்ப். கிளம்பும்போது நன்றாக இருந்து, மேட்டில் முழுப் பாரத்தோடு ஏறும்போது மட்டும் நழுவினால், பாரத்துக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டும் அமைப்பையோ அந்த கியரின் கிளட்ச்சையோ சந்தேகிக்க வேண்டும். பழைய 700-ஆர்4 போன்ற பெட்டிகளில் த்ராட்டில் வால்வு கேபிளைத் தவறாக வைத்ததாலேயே அழுத்தம் கூடாமல் கிளட்ச் கருகிய கதைகள் ஏராளம். ஓர் ஊசி அளவுச் சரிசெய்தலில் முடிந்திருக்க வேண்டியவை அவை.

சீல் விஷயத்தில் இந்தத் தரப்பு அடிக்கடி சறுக்குகிறது. "ரப்பர் சீல் இறுகிவிட்டது" என்பது எல்லா நழுவலுக்கும் சொல்லப்படும் காரணம். ஆனால் இறுகிய ரப்பர் குளிரில்தான் அதிகம் கசியும்; சூட்டில் சற்று இளகி, விரிந்து, அடைக்கும். காலையில் டிரைவ் போட்டால் நேரம் எடுத்து, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் வண்டிக்கு அந்த விளக்கம் பொருந்தும். காலையில் நன்றாக ஓடிப் பிற்பகலில் நழுவும் வண்டிக்கு அது நேர் எதிரானது. வெடித்த சீல், சுழலும் தண்டுகளில் உள்ள டெஃப்லான் வளையங்கள் அறுத்த பள்ளம், தேய்ந்த துளை ஆகியவையே சூட்டில் கசிபவை.

கிளட்ச் பிளேட்டைக் குற்றம் சாட்டுபவர்கள்

பிரித்துப் பார்த்தால் கருகிய பிளேட் இருக்கிறது. இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்பது இவர்கள் கேள்வி. கருகல் உண்மை. காகித உறையின் துளைகள் பளபளப்பாக அடைபட்டால் ஆயில் உள்ளே போய்வர முடியாமல் பிடிமானம் குறைவதும் உண்மை.

பிரச்சினை வரிசையில் இருக்கிறது. கிளட்ச்சின் தாங்குதிறன் உராய்வு எண், அழுத்தம், பிளேட் பரப்புகளின் எண்ணிக்கை, ஆரம் ஆகியவற்றின் பெருக்கல். ஆயிலில் நனைந்த காகித உறையின் உராய்வு எண் 0.12, 0.15 என்ற வட்டாரத்தில் இருக்கும். சூட்டில் அது இறங்குவது சதவீதக் கணக்கில். கசிவு கூடுவதோ மடங்குக் கணக்கில். இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் சூட்டில் மட்டும் நழுவி, குளிர்ந்ததும் முழுதாக மீளும் பெட்டியில் பிளேட்டை முதல் குற்றவாளியாக்கத் தயங்க வேண்டியிருக்கிறது. கருகிய பிளேட் குளிரில் புதுசாகிவிடாது. அது பெரும்பாலும் கசிவால் குறைந்த அழுத்தத்தில் நழுவி நழுவிக் கருகியதாக இருக்கும். பிளேட்டை மட்டும் மாற்றி, கசிந்த துளையை அப்படியே விட்டால் புது பிளேட்டும் அதே வழியில் போகும். பிரித்துக் கட்டிய பெட்டி சில மாதத்தில் மீண்டும் நழுவுகிறது என்ற புகாருக்குப் பின்னால் இந்தக் குறை இருக்க வாய்ப்பு அதிகம். அது பணம் வாங்கிக்கொண்டு நோயைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம்.

மின்சாரத்தைச் சந்தேகிப்பவர்கள்

1980களில் கணினி கட்டுப்பாடு பரவியபின் எழுந்த தரப்பு இது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் ஓபிடி-2 கட்டாயமானதும் ஸ்கேனர் எல்லாப் பட்டறைக்கும் வந்தது. சோலினாய்டின் செம்புச் சுருளின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 5 ஓம் இருப்பது 100 டிகிரியில் ஆறரை ஓமுக்கு மேல். நலமான அமைப்பில் கணினி மின்னோட்டத்தை அளந்து ஈடுகட்டிவிடும். ஆனால் சூட்டில் விரிந்து துண்டிக்கும் சுருள், பெட்டிக்குள் ஆயிலில் ஊறிய வயரிங், துகள் சிக்கிய அழுத்தக் கட்டுப்பாட்டு சோலினாய்டு ஆகியவை ஈடுகட்டலுக்கு அப்பாற்பட்டவை. இவை உண்டாக்கும் பழுதின் முகம் வேறு: படிப்படியாக நழுவாமல் ஒரு கியரே காணாமல் போகும், அல்லது பெட்டி பாதுகாப்பு நிலைக்குப் போய் ஒரே கியரில் நிற்கும். எஞ்சினை அணைத்துப் போட்டால் மீண்டும் வரும்.

இவர்களின் பலவீனம் ஸ்கேனர் காட்டும் பழுதுக் கோடு எண்களை நோய்ப்பெயராக எடுத்துக்கொள்வது. பி0730 வரிசைக் கோடுகள் கியர் விகிதம் பொருந்தவில்லை என்று மட்டுமே சொல்கின்றன. ஏன் பொருந்தவில்லை என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்தக் கோட்டைக் கண்டு சோலினாய்டு தொகுதியை மாற்றுவது பாதி சூதாட்டம்.

ஒரே பெட்டி, இரண்டு நோய்

இந்தத் தரப்புகள் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு 1993 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் பிக்கப்களிலும் கார்களிலும் பல ஆண்டு ஓடிய 4எல்60-ஈ நல்ல உதாரணம். 1995 முதல் அதன் லாக்-அப் கிளட்ச்சைத் துடிப்பு மின்சாரத்தால் மெல்லச் சேர்க்கும் முறை வந்தது. அதனால் அந்தச் சுற்றில் உள்ள வால்வு ஓயாமல் அதிர்ந்து அலுமினியத் துளையைத் தேய்த்தது. சூடானபின் நெடுஞ்சாலையில் லாக்-அப் பிடிக்காமல் நழுவி, பி1870 என்ற கோடு விழும்.

இந்தப் பெட்டியின் ஆரம்ப மாடல்களில் இன்புட் வேகத்தை அளக்கும் சென்சார் இல்லை. கணினி எஞ்சின் வேகத்தையும் அவுட்புட் வேகத்தையும் வைத்துத்தான் கணக்கிடுகிறது. நான்காம் கியரின் விகிதம் 0.70. அவுட்புட் 2,500 ஆர்பிஎம் என்றால் எஞ்சின் 1,750இல் இருக்க வேண்டும். 2,000 என்று காட்டினால் 250 எங்கோ நழுவுகிறது. கன்வெர்ட்டரிலா, உள்ளே கிளட்ச்சிலா என்று கணினியால் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் கோடு "உறுப்பு நழுவுகிறது" என்ற பொதுவான பெயரோடு நின்றுவிடுகிறது. கோடு விழுந்ததும் கணினி அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பார்க்கும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது வண்டி வெட்டி இழுக்கும். நழுவல் நோயோடு வரும் வண்டிக்காரர் "குலுக்குது" என்று புகார் சொல்லக் காரணம் இது. தீர்வு, வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றாமலே வால்வு பாடியை இறக்கி, துளையைச் சீவிப் பெரிய வால்வு போடுவது. அல்லது வால்வு பாடியை மாற்றுவது.

அதே பெட்டியில் 3-4 கிளட்ச் என்ற இன்னொரு பலவீனமான இடமும் உண்டு. மூன்றிலும் நான்கிலும் மட்டும் பிடிக்கும் கிளட்ச் அது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்பிஎம் துள்ளினால் சந்தேகம் அதன்மேல். நழுவல் இரண்டிலும் நான்கிலும் என்றால் 2-4 பேண்டு. இங்கே பெட்டியைக் கழற்றிப் பிரித்தே ஆகவேண்டும். இரண்டு வண்டிக்காரர்களும் சொல்வது ஒரே புகார்தான். ஆனால் ஒருவருக்கு வேலை வால்வு பாடியோடு முடியும், மற்றவர் முழுப் பெட்டிக்கும் செலவு செய்ய வேண்டும். எந்த கியரில் நழுவுகிறது என்று ஸ்கேனரோடு சாலையில் ஓட்டிப் பார்க்காமல் இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

சோதனைகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

பிரேக்கை அழுத்திப் பிடித்து, டிரைவில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்க்கும் ஸ்டால் சோதனை பழையது. ஐந்து நொடிக்கு மேல் போகக் கூடாது. அந்த நேரத்தில் எஞ்சின் சக்தி முழுதும் கன்வெர்ட்டருக்குள் வெப்பமாகிறது. ஆர்பிஎம் குறித்த அளவைத் தாண்டினால் கிளட்ச் நழுவுகிறது. குறைந்தால் எஞ்சின் பலவீனம் அல்லது கன்வெர்ட்டரின் ஸ்டேட்டர் பிடிக்கவில்லை. இன்றைய வண்டிகளில் நின்ற நிலையில் கணினியே எஞ்சினை அடக்கிவிடுவதால் இதன் மதிப்பு குறைந்திருக்கிறது. நலிந்த பெட்டிக்கு இதுவே கடைசி அடியாகவும் ஆகலாம்.

அழுத்த கேஜ் நம்பகமானது. சூடாகவும் குளிராகவும் இருமுறை எடுத்தால் மட்டும். குளிரில் எடுத்த ஓர் அளவு இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. சூட்டில் ஐடிலில் அழுத்தம் சரிந்தால் கசிவும் பம்பும். அழுத்தம் நிலையாக இருந்தும் ஒரு கியர் மட்டும் நழுவினால், பிரதான குழாயைத் தாண்டி அந்தக் கிளட்ச்சின் கிளைப்பாதையில் கசிவு, அல்லது பிளேட். கேஜ் பிரதான குழாயைத்தான் பார்க்கிறது என்பதை மறந்ததால் "பிரஷர் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பப்பட்ட வண்டிகள் உண்டு.

காலக்கணக்கும் கேஜ் அளவுக்கு உதவும். வேகமாக ஓடியபின் நழுவி, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால், ஆயில் இன்னும் சூடாக இருக்கும்போதே பிடி திரும்பினால் அடைபட்ட ஃபில்டரை நினைக்க வேண்டும். உறிஞ்சலில் ஒட்டியிருந்த குப்பை நிறுத்தியதும் கீழே உதிர்கிறது. ஆயில் குளிர்ந்தால் மட்டுமே திரும்பினால் கசிவு. ஒருமுறை நழுவியபின் குளிர்ந்தும் திரும்பாவிட்டால் பிளேட் போய்விட்டது. இவை சாய்வைக் காட்டும் அடையாளங்கள்தான், உறுதியான தீர்ப்புகள் அல்ல. இருந்தாலும் ஆயில் வெப்பநிலை, ஆர்பிஎம், கியர், அழுத்தம் நான்கையும் சூட்டில் பதிவு செய்யாமல் பெட்டியைக் கழற்றச் சொல்லும் யோசனையை வண்டிக்காரர் ஏற்கத் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

தீராதவை

வால்வு துளைகளின் தேய்மானத்தை அளக்க வெற்றிடச் சோதனை இன்று பல பட்டறைகளில் வழக்கம். துளையில் வெற்றிடம் இழுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். அறை வெப்பநிலையில், ஆயில் ஓட்டமின்றி எடுக்கும் அளவு, 100 டிகிரியில் நீர்த்த ஆயில் அழுத்தத்தோடு பாயும்போது நடப்பதை எவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொல்கிறது? மிக மோசமான துளையை அது காட்டிக்கொடுக்கும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. எல்லைக்கோட்டில் நிற்கும் துளையைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை.

கணினியின் கற்றலும் ஆய்வைச் சிக்கலாக்குகிறது. கிளட்ச் சேரும் நேரம் நீண்டால் கணினி அடுத்த முறை அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். இதனால் தேய்மானம் நெடுநாள் மறைந்திருக்கும். பேட்டரியைக் கழற்றிக் கற்றல் அழிந்த மறுநாள் பெட்டி திடீரென்று நழுவுவது போலத் தோன்றும். கற்றல் மதிப்புகளைப் படிப்பது நோயை முன்னரே காணும் வழியாக முடியும். ஆனால் எந்த மதிப்பு இயல்பு, எது எச்சரிக்கை என்பது பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. சாதாரண ஸ்கேனர் அவற்றைக் காட்டுவதும் அரிது.

எரிபொருள் சிக்கனத்துக்கான ஓட்டம் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கத்தைத் திறந்திருக்கிறது. இழுவை குறைய வேண்டும் என்று ஆயில் தொடக்கத்திலேயே நீர்க்கச் செய்யப்படுகிறது. டெக்ஸ்ரான் 6 தரத்தில் 100 டிகிரியில் 6.4 சென்டிஸ்டோக்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு ஈடாகப் பாலிமர் அறுபடாமல் தாங்கும் தன்மை கூட்டப்பட்டிருக்கிறது. சில வண்டிகளில் ஆயில் சீக்கிரம் சூடேறவும் சூடாகவே இருக்கவும் கூலருக்கு முன்னால் தெர்மோஸ்டாட் வைக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு ஆயிலைக் குளிர்ச்சியாக ஓட்டினால் பெட்டி நீடிக்கும் என்று பிக்கப் வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். கசிவுக் கணக்கு அவர்கள் பக்கம் சாய்கிறது. அந்தப் பெட்டிகளின் கட்டுப்பாட்டு மென்பொருள் குறிப்பிட்ட சூட்டை எதிர்பார்த்தே எழுதப்பட்டது, கிளட்ச் கற்றலும் லாக்-அப்பும் குளிர்ந்த ஆயிலில் சரியாக நடக்காது என்ற மறுப்பும் வலுவானதே. நீர்த்த ஆயிலோடும் உயர்ந்த சூட்டோடும் வடிவமைக்கப்பட்ட பெட்டிகளின் துளைகள் இரண்டு லட்சம் கி.மீ. கடந்தபின் எப்படி இருக்கும் என்பதைப் பிரித்துப் பார்த்தவர்களின் பதிவுகள் இனிமேல்தான் போதிய அளவில் சேர வேண்டும்.